இயந்திரத்துக்குப் பதில் எழுதுவது எப்படி?

உங்கள் பள்ளியில் ஒரு மழைமானி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, அதில் சேர்ந்துள்ள நீரை அளந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறீர்கள். வேறோர் ஊரில் படிக்கும் தோழி, "போன வாரம் உங்கள் ஊரில் மழை எப்படி?" என்று கேட்டு எழுதுகிறாள். நீங்கள் இவ்வாறு பதில் எழுதுகிறீர்கள்:

"திங்கட்கிழமை 20 மில்லிமீட்டர். செவ்வாய் ஒரு சொட்டுக்கூட இல்லை. புதனன்று கேட்காதே, மானியே நிரம்பி வழிந்துவிட்டது, அளக்க முடியவில்லை. வியாழன் 40, வெள்ளி 30."

தோழிக்கு எல்லாம் விளங்கிவிடும். புதன்கிழமைதான் மிகுந்த மழை பெய்தது என்பதைக்கூட அவள் ஊகித்துக்கொள்வாள்.

இதே கேள்வியைக் கேட்பது ஒரு கணிப்பொறியானால்? அதற்கு ஊகிக்கத் தெரியாது. "கேட்காதே" என்பதன் பொருள் விளங்காது. அதற்கு எழுதும் பதிலில், எது தேதி, எது அளவு, எது 'அளக்கவில்லை' என்ற செய்தி என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். அத்தகைய பதிலை எழுதும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கேள்வியும் பதிலும்

நீங்கள் செல்போனில் ரயிலின் நேரத்தைப் பார்க்கிறீர்கள், வானிலையைப் பார்க்கிறீர்கள். அப்போது நடப்பது என்ன? உங்கள் செல்போன், தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறது. அந்தக் கணிப்பொறி பதில் அனுப்புகிறது. கேட்டவர்க்கெல்லாம் பதிலை வழங்கிக்கொண்டே இருப்பதால் அதனை வழங்கி என்பர். சர்வர் என்று சொன்னாலும் இதுவே.

இந்தக் கேள்வி-பதிலுக்கான விதிகளை, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்தார். 1989-ல் அவர் முன்வைத்த திட்டமே வலை என்று நாம் அழைக்கும் அமைப்பாக வளர்ந்தது. அவ்விதிகளின் தொகுப்பு எச்டிடிபி எனப்படுகிறது.

வழங்கி அனுப்பும் பதிலில் மூன்று பகுதிகள் உண்டு. அஞ்சலில் வரும் ஒரு பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிலை எண். கேட்ட காரியம் ஆயிற்றா, ஆகவில்லையா என்பதை இந்த மூன்றிலக்க எண் சொல்லிவிடும். 200 என்றால் காரியம் முடிந்தது. 404 என்றால் கேட்டது இங்கில்லை. 500 என்றால் வழங்கியிலேயே ஏதோ கோளாறு.

இரண்டாவது, குறிப்புகள். பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டைப் போன்றவை இவை. உள்ளே இருப்பது படமா, பாட்டா, வலைப்பக்கமா, தரவா என்பதை இச்சீட்டு அறிவிக்கும்.

மூன்றாவது, உடல். பொட்டலத்தின் உள்ளே இருக்கும் சரக்கு இதுவே.

வலைப்பக்கம் ஒன்றைக் கேட்டால், தலைப்பு, பத்தி, நிறம், படம் ஆகியவற்றை அமைக்கும் குறிகளோடு சரக்கு வரும். அது மனிதக் கண்ணுக்கு ஏற்றது. ஆனால் மழையின் அளவை எடுத்து வரைபடம் போட வேண்டிய நிரலுக்கு நிறமும் படமும் எதற்கு? அதற்குத் தேவை, ஒழுங்காக அடுக்கப்பட்ட தரவு மட்டுமே.

ஜேசன் என்னும் அடுக்குமுறை

தரவை அடுக்கப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது ஜேசன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணிப்பொறி மொழியில் பொருள்களை எழுதும் முறையிலிருந்து இது எடுக்கப்பட்டது. அமெரிக்கரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001-ஆம் ஆண்டளவில் இதற்கு வடிவம் கொடுத்துப் பரப்பினார். இப்போது நடைமுறையிலுள்ள இணையத் தர ஆவணம் 2017 டிசம்பரில் வெளியானது.

ஜேசனில் எழுதிய ஒரு பதிலைப் பாருங்கள். தேதியும் அளவும் எடுத்துக்காட்டுக்காகக் கொடுக்கப்பட்டவை.

{
  "நிலையம்": "பள்ளி மழைமானி",
  "தேதி": "2024-11-04",
  "மழை_மிமீ": 20
}

நெளிந்த அடைப்புக்குள் பெயர்களும் அவற்றுக்குரிய மதிப்புகளும் இணை இணையாக நிற்கின்றன. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே முக்காற்புள்ளி. இணைக்கும் இணைக்கும் இடையே காற்புள்ளி. எழுத்தாலான மதிப்புக்கு இரட்டை மேற்கோள் குறி. எண்ணுக்குக் குறி இல்லை.

ஜேசனில் மதிப்புகள் ஆறே வகை. எழுத்துச் சரம், எண், உண்மை-பொய், வெறுமை ஆகிய நான்கும் தனி மதிப்புகள். மேலே கண்ட பெயர்-மதிப்புத் தொகுதி ஐந்தாவது. சதுர அடைப்புக்குள் வரிசையாக எழுதும் பட்டியல் ஆறாவது. தொகுதிக்குள் பட்டியலையும், பட்டியலுக்குள் தொகுதியையும் வைக்கலாம். இந்த ஆறு வகைகளைக் கொண்டே ரயில் அட்டவணையையும் தேர்வு முடிவுகளையும் எழுதிவிடலாம்.

விதிகள் மிகக் கண்டிப்பானவை. இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் போட்டால் தவறு. கடைசி இணைக்குப் பின் ஒரு காற்புள்ளி மிகுந்தாலும் தவறு. 'இத்தனை கண்டிப்பு எதற்கு?' என்று கேட்பீர்கள். படிப்பது இயந்திரம். 'இவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று அது நினைத்துக்கொள்ளாது.

சட்டகம் செய்யும் உதவி

இத்தனை விதிகளையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு பதிலையும் கையால் எழுதினால் பிழை நேராமல் இராது. ஆகவே, எல்லா வழங்கிகளுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்த நிரல் தொகுப்புகள் உருவாயின. அவை வலைச் சட்டகங்கள் எனப்படும். வீடு கட்டுபவர் கதவுநிலையையும் சன்னல் சட்டத்தையும் ஆயத்தமாக வாங்கிப் பொருத்துவதுபோல, நிரல் எழுதுபவர் சட்டகத்தை எடுத்துக்கொண்டு தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் எழுதுகிறார்.

பைத்தான் மொழியில் பிளாஸ்க் என்றொரு சிறிய சட்டகம் உண்டு. ஆஸ்திரியரான ஆர்மின் ரோனாக்கர் இதனை 2010-ல் வெளியிட்டார். இதில் நமது மழை நோட்டுக்கு ஒரு வழங்கி அமைக்க வேண்டுமானால், நாம் எழுத வேண்டியதன் சாரம் இவ்வளவே:

1. 'மழை' என்ற முகவரியும் ஒரு தேதியும் கேட்கப்பட்டால், பின்வரும் செயற்கூறை இயக்கு.
2. நோட்டில் அந்தத் தேதியைத் தேடு.
3. தேதி அகப்பட்டால், தேதியும் அளவும் கொண்ட ஓர் அகராதியைத் திருப்பிக் கொடு.
4. அகப்படாவிட்டால், பிழைச் செய்தி கொண்ட ஓர் அகராதியையும் 404 என்ற எண்ணையும் சேர்த்துத் திருப்பிக் கொடு.

இங்கே 'அகராதி' என்பது பைத்தான் மொழியில் பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பு. அகராதியில் சொல்லைத் தேடிப் பொருளை எடுப்பதுபோல, இதில் பெயரைத் தேடி மதிப்பை எடுக்கலாம்.

செயற்கூறு அகராதியைக் கொடுத்ததும் பிளாஸ்க் வேலையைத் தொடங்குகிறது. அகராதியை விதிப்படி ஜேசன் எழுத்தாக மாற்றுகிறது. 'உள்ளே இருப்பது ஜேசன்' என்ற சீட்டை ஒட்டுகிறது. வேறு எண் எதையும் நாம் சொல்லாவிட்டால் 200 என்று குறிக்கிறது. பிறகு அனுப்பிவிடுகிறது. 2019-ல் வெளிவந்த 1.1 பதிப்பிலிருந்து அகராதியை அப்படியே கொடுத்தால் போதும். அதற்கு முன்பெல்லாம், இதனை ஜேசனாக்கு என்று ஒரு தனிச் செயற்கூறை அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. புதிதாகக் கற்பவர் இவற்றில் காலை வைப்பது வழக்கம்.

ஒன்று, அகராதியைப் பைத்தான் அச்சிட்டுக் காட்டும் எழுத்தை அப்படியே அனுப்புவது. அது பார்ப்பதற்கு ஜேசன் போலவே இருக்கும். ஆனால் பைத்தான் பெரும்பாலும் ஒற்றை மேற்கோளைப் போடும். வெறுமைக்கு 'நன்' என்ற சொல்லை எழுதும். ஜேசனுக்கு வேண்டியது இரட்டை மேற்கோளும் 'நல்' என்ற சொல்லும். பெறும் கணிப்பொறி, படிக்க முடியவில்லை என்று கைவிரித்துவிடும்.

மற்றொன்று, ஜேசன் எழுத்தைப் பிழையின்றி நாமே கோத்து, அதனை வெறும் சரமாகத் திருப்பிக் கொடுப்பது. சரம் வந்தால் பிளாஸ்க் அதனை வலைப்பக்கம் என்று கருதி, அதற்குரிய சீட்டை ஒட்டிவிடும். சரக்கு சரியானது; சீட்டுதான் தவறு. சீட்டை நம்பும் நிரல் தரவைத் தரவாக எடுத்துக்கொள்ளாது. உலாவியோ, உள்ளே யாரேனும் புகுத்திய குறிகள் இருந்தால் அவற்றை வலைப்பக்கத்தின் ஆணைகளாக எண்ணி நிறைவேற்றவும் கூடும். ஆகவே மாற்றும் வேலையைச் சட்டகத்திடமே விட்டுவிடுவது நல்லது.

மூன்று 'இல்லை'கள்

எழுத்தாக மாற்றுவதைச் சட்டகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் என்ன சொல்வது என்பதை அது தீர்மானிக்காது. அது நம் பொறுப்பு. அதில் மிகக் கவனம் வேண்டிய இடம் 'இல்லை' என்று சொல்லும் இடமாகும்.

நமது நோட்டிலேயே மூன்று வகை 'இல்லை'கள் உள்ளன.

செவ்வாயன்று மழை இல்லை. அளந்து பார்த்தோம், மானி காலியாக இருந்தது. இது 0. அளந்து அறிந்த ஓர் உண்மை.

புதனன்று அளவு இல்லை. மழை பெய்தது, எவ்வளவு என்று தெரியாது. இதற்கு ஜேசனில் உள்ள வெறுமை மதிப்பான 'நல்' என்பதை எழுத வேண்டும். பதிலில் அது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், மேற்கோள் குறி இல்லாமல் நிற்கும். நிலை எண் 200. பதிவு இருக்கிறது, அளவுதான் இல்லை.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நோட்டில் பக்கமே இல்லை. பள்ளி விடுமுறை. இதற்குரிய பதில் 404.

இம்மூன்றையும் 0 என்றே எழுதினால் என்ன கேடு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நாள்களின் அளவுகள் 20, 0, தெரியாது, 40, 30. தெரியாததை 0 என்று எழுதினால் கூட்டுத்தொகை 90. ஐந்தால் வகுத்தால் சராசரி 18 மில்லிமீட்டர். தெரியாததைக் கணக்கிலிருந்து நீக்கினால், 90-ஐ நான்கால் வகுக்க 22.5 மில்லிமீட்டர். ஒரே வாரத்துக்கு இரண்டு விடைகள்!

இதைவிடப் பெரிய கேடும் உண்டு. புதனன்று மானி ஏன் அளவு காட்டவில்லை? தாங்க முடியாத அளவு மழை பெய்ததால்தான். அந்த இடத்தில் 0 எழுதினால், மிகப் பெரிய மழை பெய்த நாள், மழையே பெய்யாத நாளாகிவிடும். இத்தரவைக் கொண்டு வெள்ள எச்சரிக்கை விடுக்கும் நிரல் ஒன்று இருந்தால், அது எச்சரிக்க வேண்டிய நாளில் வாய் திறக்காது. ஒரு சிறு சுழியத்தின் விலை அது.

நான்காவதாக ஓர் 'இல்லை'யும் நேர்வதுண்டு. செயற்கூறில் திருப்பிக் கொடுக்கும் வரியையே எழுத மறந்துவிட்டால் பிளாஸ்க் தானாக ஒன்றையும் கற்பனை செய்து அனுப்பாது. 500 என்று அனுப்பும். கேட்டவரிடம் பிழை இல்லை, வழங்கியிடம்தான் பிழை என்பது இதன் பொருள்.

சில நிரல்கள், கேட்டது கிடைக்காதபோதும் 200 என்று அனுப்பி, உடலில் மட்டும் 'மன்னிக்கவும்' என்று எழுதுகின்றன. மனிதர் அதைப் படித்துவிடுவார். நிலை எண்ணைப் பார்த்து வேலை செய்யும் இயந்திரமோ, மன்னிப்பை மழையளவு என்று எண்ணிக் கணக்கில் சேர்க்கப் பார்க்கும்.

எண்ணா, எழுத்தா?

உங்கள் தேர்வு எண் 0457 என்று கொள்வோம். இதனை ஜேசனில் எண்ணாக எழுத முடியாது. எண்ணின் முன்னால் வெற்றுச் சுழியம் நிற்பதை விதி தடுக்கிறது. 457 என்று எழுதினாலோ அது உங்கள் தேர்வு எண் அன்று. "0457" என்று மேற்கோளுக்குள் எழுதுவதே சரி. தேர்வு எண்களைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லையே! கூட்டிப் பெருக்கும் கணக்குக்கு உதவாதது, இலக்கங்களால் ஆனதாயினும் எழுத்தே. தொலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் அத்தகையவை.

மிகப் பெரிய எண்களிலும் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண் வகையில் முழு எண்களைப் பிசகின்றிக் குறிக்க ஓர் எல்லை உண்டு. 2-ன் 53-ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியே குறிக்க இயலும். அடுத்த எண்ணான 9007199254740993-ஐ அனுப்பினால், மறுமுனையில் 9007199254740992 என்றே தோன்றும். ட்விட்டர் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 2010-ல் தன் செய்திகளுக்கு மிக நீண்ட அடையாள எண்களைக் கொடுக்கத் தொடங்கியபோது இச்சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் அடையாள எண்ணையும் எண்ணாக ஒரு முறையும் எழுத்துச் சரமாக ஒரு முறையும் சேர்த்து அனுப்பி அதனைத் தீர்த்தார்கள்.

ஜேசனில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. 03/04/2024 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் "2024-04-03" என்று எழுதினால் குழப்பம் இராது.

அலகுக்கும் தனி இடம் கிடையாது. அதனால்தான் மேலே 'மழை' என்று விடாமல் 'மழை_மிமீ' என்று பெயரிட்டோம். ஜேசன் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்த ஒரு விபத்து இதன் அருமையைக் காட்டும். 1998 டிசம்பரில் நாசா, செவ்வாய்க் கோளை ஆராய ஒரு விண்கலத்தை ஏவியது. கலத்தின் சிறு உந்திகள் தந்த உந்துவிசையின் அளவைத் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு-நொடியில் எழுதியது. அதனைப் படித்தவர்கள் நியூட்டன்-நொடி என்று கொண்டனர். ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ 4.45 மடங்கு. பாதைக் கணக்கு பிசகியது. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயை மிக நெருங்கிச் சென்ற கலம் தொலைந்தது. எண்கள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. அவை எதன் எண்கள் என்பது போய்ச் சேரவில்லை.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறையில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. இணையத்தில் பரிமாறப்படும் ஜேசன், யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 என்ற முறையில் இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு ஆவணத்தின் விதி.

ஆயினும் பிளாஸ்க் தரும் பதிலை நேரே திறந்து பார்த்தால் தமிழைக் காணாமல் திகைப்பீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு பின்சாய்கோடும் ஐந்து குறிகளும் நிற்கும். அஞ்ச வேண்டாம். பழைய கருவிகளும் படிக்கட்டும் என்று, யூனிகோடு எண்ணையே ஆங்கில எழுத்துகளாலும் இலக்கங்களாலும் எழுதி அனுப்புவது அதன் இயல்பு. பெறும் நிரல் அதனைத் திரும்பத் தமிழாக்கிக்கொள்ளும். செலவுதான் சற்று மிகுதி. 'மழை' என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி மூன்று குறிகள். நேரே எழுதினால் 9 பைட். இப்படி எழுதினால் 18 பைட். இவ்வியல்பை மாற்றி, தமிழை நேரே அனுப்பச் செய்யவும் வழி உண்டு.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. ஐந்தாறு நண்பர்களும் சில துண்டுத் தாள்களும் போதும்.

ஒருவர் வழங்கியாக ஒரு மூலையில் உட்காரட்டும். வகுப்பின் வருகைப் பதிவேட்டின் ஒரு வாரப் பகுதி அவரிடம் இருக்கட்டும். மற்றவர்கள் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதிக் கேட்க வேண்டும். வழங்கி ஒவ்வொன்றுக்கும் நிலை எண், சரக்கின் வகை, ஜேசன் உடல் ஆகிய மூன்றையும் எழுதித் தர வேண்டும். பேசக் கூடாது. பதிலை வாங்கியவர் அதை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். பதிவேட்டைப் பார்க்காத அந்த மூன்றாமவர், பதிலை மட்டும் கொண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் தவறாகச் சொன்னால், பிழை பதிலில்தான்.

பின்வரும் கேள்விகளுக்கு வழங்கி என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

1. அந்த மாணவர் அன்று வரவில்லை.
2. அன்று ஆசிரியர் பதிவேடு எடுக்கவே இல்லை.
3. அந்தப் பெயரில் வகுப்பில் யாருமே இல்லை.
4. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் மை கொட்டிவிட்டது. வழங்கியால் படிக்க முடியவில்லை.

விடைகள்: 1. நிலை எண் 200, வருகை 'பொய்'. 2. நிலை எண் 200. வருகை வெறுமை, அதாவது 'நல்'. 3. நிலை எண் 404. உடலில் பிழைச் செய்தி. 4. நிலை எண் 500. உடலில் பிழைச் செய்தி. கேட்டவர் செய்த தவறு எதுவும் இல்லை.

இரண்டாம் கேள்விக்கு 'பொய்' என்று எழுதியவர்கள், பள்ளிக்கு வந்திருந்த ஒரு மாணவரை வராதவர் ஆக்கியிருக்கக் கூடும்!